என் நாடித்துடிப்பு என் டீம் லீடருக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் மன அழுத்தத்தைச் சமாளிக்க ஸ்மார்ட் வாட்ச்சும் ஸ்மார்ட் மோதிரமும் எப்படி உதவும் என்று கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அப்படி ஒரு வாட்ச்சை ஒரு வருஷத்துக்கு மேல் கட்டிக்கொண்டு வேலை பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கட்டுரையில் சொன்னது எதுவும் தப்பில்லை. ஆனால் அந்த வாட்ச்சை வாங்கிக் கொடுப்பது யார், அது எடுக்கும் கணக்கு யார் கைக்குப் போகிறது என்ற இடத்தைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அங்கேதான் அடி விழுந்தது.

எனக்கு வயது 46. பெரம்பூரில் இருக்கிறேன். ஏ.ஆர். காலர் வேலை. சென்னையில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த வேலைதான் சோறு போடுகிறது, ஆனால் வெளியே பலருக்கு இது என்னவென்று தெரியாது. அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராமல் நிறுத்தி வைத்திருக்கும். நாங்கள் இங்கிருந்து அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு, காரணத்தை வாங்கி, அடுத்து என்ன செய்வது என்று எழுதி வைக்க வேண்டும். காரணத்தை ஒரு குறியீடாகச் சொல்வார்கள். சி.ஓ.29 என்றால் பில் அனுப்பும் கெடு தாண்டிவிட்டது. சி.ஓ.197 என்றால் முன் அனுமதி வாங்கவில்லை. சி.ஓ.50 என்றால் அந்தச் சிகிச்சையே தேவையில்லை என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு ஷிஃப்டுக்கு 45 க்ளெய்ம் முடிக்க வேண்டும். ஒரே காலில் 40 நிமிஷம் ஹோல்டில் போட்டுவிடுவார்கள். அந்த 40 நிமிஷத்துக்கு டார்கெட்டில் கழிவு கிடையாது.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி ஆகும்போது நமக்கு மாலை 6.30. நவம்பரில் அவர்கள் நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும்போது எங்கள் லாகின் 7.30-க்குப் போகும், மார்ச்சில் மறுபடி 6.30-க்கு வரும். எங்கள் வீட்டில் எப்போது சாப்பிடுவது என்பதே அந்த ஊர் வெயிலையும் குளிரையும் பொறுத்துத்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சி.பி.யு., மானிட்டர், ஹெட்செட் எல்லாவற்றையும் கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அம்மாவின் தையல் மெஷின் இருந்த மூலையை ஒழித்துக் கொடுத்தோம். தையல் மெஷின் மொட்டை மாடிப் படிக்கட்டின் அடியில் போய்விட்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டு வேலை முறையை நான் குறை சொல்லவில்லை. முன்பு பெரம்பூரிலிருந்து பெருங்குடிக்கு கேபில் போய்வர மட்டும் மூன்று மணி நேரம் போகும். இப்போது அம்மாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிகிறது, மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும்போது அதே அறையில் இருக்க முடிகிறது. போனது வேறு ஒன்று. என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1996-இல் மில்லை மூடும்வரை இருந்தார். சங்கு ஊதினால் கிளம்புவார், சங்கு ஊதினால் திரும்புவார். சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிவிட்டு, வாசலில் நின்று கை கால் கழுவி உள்ளே வந்தாரானால் அதற்குப் பிறகு மில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் அதிகாலை 3.30-க்கு லாகவுட் செய்துவிட்டுத் திரும்பினால் இரண்டடி தள்ளி என் பாய் இருக்கிறது. படுத்த பிறகும் ஹோல்டு மியூசிக் காதுக்குள் ஓடும்.

2025 பொங்கலுக்கு எங்கள் கம்பெனி எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸோடு ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொடுத்தது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். என் உடம்பைப் பற்றி யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு எரியும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சக்கூடியது. ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது, அதை வைத்து நாடியை எண்ணுகிறது. நிமிஷத்துக்கு 60 துடிப்பு என்றால் செகண்டுக்கு ஒன்று என்று சீராக அடிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லி செகண்ட் கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகம் எடுக்கும், விடும்போது நிதானப்படும். இந்த ஏற்ற இறக்கம் தாராளமாக இருந்தால் உடம்பு இளைப்பாறுகிறது. அது குறுகிப் போனால் எதையோ எதிர்பார்த்து உடம்பு விறைத்து நிற்கிறது. இதை வைத்துத்தான் என் வாட்ச் 0 முதல் 100 வரை ஸ்ட்ரெஸ் மார்க் போடும். 2020-இல் வந்த ஃபிட்பிட் சென்ஸ் போன்ற சில வாட்ச்சுகள் வியர்வையால் தோலில் மின்சாரம் கடத்தும் தன்மை மாறுவதையும் பார்க்கின்றன. எங்களுக்குக் கொடுத்தது பச்சை விளக்கு மட்டும்.

உடம்பு விறைக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. போன வருஷம் ஒரு நாள் இரவு 10 மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. எங்கள் இன்வெர்ட்டர் கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும்தான் தாங்கும், ஃபேனுக்கு வராது. ஹெட்செட்டுக்குள் காது வெந்துகொண்டிருந்தது, முதுகில் வியர்வை வழிந்தது, மார்க் 88. புழுக்கம் அது, வேறு ஒன்றுமில்லை. மூன்று மாடி ஏறிக் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு வந்தாலும் 80 காட்டும். மகள் ஸ்கூல் கதை சொல்லி நானும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்த ஒரு சாயங்காலம் 76 காட்டியது.

ஆகவே மார்க்கை மட்டும் நம்பாமல், பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தினமும் குறிக்க ஆரம்பித்தேன். நேரம், மார்க், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், காபி குடித்தேனா என்று நான்கு கட்டம். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதம் விடாமல் எழுதினேன். மோசமான கால்தான் என்னைப் படுத்துகிறது என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன். நோட்டு வேறு கதை சொன்னது. திட்டும் இன்சூரன்ஸ் கம்பெனி ரெப்ரசன்டேட்டிவ்வோடு பேசும்போதுகூட 50-ஐத் தாண்டவில்லை. அந்த வேலை எனக்குப் பழகிவிட்டது. வாரம் தவறாமல் ஏறியது 5.45 முதல் 7 மணி வரை. அதாவது லாகினுக்கு முன்னும் பின்னும்.

அந்த நேரத்தில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அடுப்பில் குக்கர், இன்னொரு பக்கம் அம்மாவுக்குக் கஞ்சி. அம்மாவுக்கு 6 மணிக்குக் கண் சொட்டு மருந்து, பத்து நிமிஷம் கழித்து இன்னொரு சொட்டு. மகள் டியூஷனுக்குக் கிளம்ப வேண்டும், ஜாமெட்ரி பாக்ஸைக் காணோம். கம்ப்யூட்டரைப் போட்டால் அப்டேட் ஓடும். கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் வி.பி.என். ஓ.டி.பி. கேட்கும், போன் சமையலறையில் இருக்கும். 6.30-க்கு லாகின் ஆக வேண்டும், 6.31 என்றால் லேட். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அடுப்பை அணைக்கும்படி கையால் ஜாடை காட்டிக்கொண்டே, "தேங்க் யூ ஃபார் டேக்கிங் மை கால்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் கணவர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் இருக்கிறார், ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். நோட்டை அவரிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் இரண்டு மாதப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். மறுநாளிலிருந்து அரிசி களைந்து உலை வைப்பதும் சொட்டு மருந்து போடுவதும் அவர் வேலை ஆகிவிட்டது. இதே விஷயத்தை வாயால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எண்ணாகப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. மே மாதக் கணக்கில் அந்த ஒன்றேகால் மணி நேரத்தின் மார்க் எழுபதுகளிலிருந்து ஐம்பதுகளுக்கு இறங்கியிருந்தது.

மூச்சுப் பயிற்சியையும் அந்த வாட்ச்சிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஐந்து செகண்ட் இழுத்து ஐந்து செகண்ட் விட்டால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. அந்த வேகத்தில் மூச்சு விடும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் விரிகிறது, உடம்பு தளர்கிறது. வாட்ச் மெல்ல அதிர்ந்து அதிர்ந்து இழு, விடு என்று சொல்லும். ஹோல்டு மியூசிக் ஓடும்போதெல்லாம் அடுத்த க்ளெய்முக்கு நோட்ஸ் அடிப்பதை விட்டு, முதல் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி இதைச் செய்கிறேன். அதிகாலையில் பாயில் படுத்ததும் ஒரு முறை. தூக்க மாத்திரை கேட்டு டாக்டரிடம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நான், அந்த யோசனை இப்போது இல்லை. இவ்வளவும் அந்த வாட்ச் எனக்குச் செய்த நல்லது. இதை மறைத்துவிட்டுக் குறையை மட்டும் எழுதினால் நியாயம் ஆகாது.

வாசகர்கள் பணத்தைப் பாழாக்கக் கூடாது என்பதற்காக இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் பார்த்து என் அண்ணன் ரிச்சி தெருவில் 900 ரூபாய்க்கு ஒன்று வாங்கினார். பி.பி., சுகர் எல்லாம் காட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. அவர் பன்னிரண்டு வருஷ சர்க்கரைக்காரர். என் மகள் அந்த வாட்ச்சை ஒரு வாழைக்காயில் கட்டிப் பார்த்தாள். அதற்கும் நாடி 72, சுகர் 110 என்று காட்டியது. ஊசி குத்தாமல் தோலுக்கு மேலிருந்தே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, வாங்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து யாராவது மாத்திரையைக் குறைத்தால் என்ன ஆவது? அண்ணன் விரலில் குத்திப் பார்க்கும் மெஷினுக்கே திரும்பிவிட்டார்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் கம்பெனி வாட்ச்சோடு வந்த ஆப்பில் டீம் வெல்னஸ் என்று ஒரு புதுப் பக்கம் வந்தது. ஒன்பது திரை நீளத்துக்கு ஆங்கிலத்தில் நிபந்தனைகள், கடைசியில் ஒரு டிக். கட்டாயம் இல்லை என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். ஆனால் வாட்ச் கணக்கை அதில் இணைத்தவர்களுக்கு மாதம் 500 ரூபாய் கூப்பன், இணைக்காதவர்களுக்கு எச்.ஆரிலிருந்து போன். "ஏன் மேம் இன்னும் பண்ணலை, ஏதாவது டெக்னிக்கல் இஷ்யூவா?" என்று கேட்பார்கள். எங்கள் டீமில் 22 பேர். ஒரு வாரத்துக்குள் 22 பேரும் டிக் போட்டோம். நானும் ஒன்பது திரையையும் படிக்காமல்தான் போட்டேன்.

செப்டம்பர் கடைசி வாரம், திங்கட்கிழமை, அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. புதன்கிழமை அரசு மருத்துவமனையில் ஆபரேஷன். காலாண்டு முடிகிற வாரம், லீவு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து கேட்கவே இல்லை. பகலெல்லாம் வார்டில், சாயங்காலம் வீட்டுக்கு வந்து லாகின், விடியற்காலை முடித்துக் குளித்துவிட்டு மறுபடி வார்டு. ஆபீஸில் யாரிடமும் மூச்சு விடவில்லை. டார்கெட்டை ஒரு நாள்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் தொடங்கும் முன் நடக்கும் பத்து நிமிஷ ஹடிலில் டீம் லீடர் ஸ்கிரீனைப் பகிர்ந்தார். 22 கோடுகள். 19 பச்சை, இரண்டு மஞ்சள், ஒன்று சிவப்பு. பெயர் இல்லை, எம்ப்ளாயி நம்பர்தான். 22 பேருக்குள் யார் நம்பர் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஹடில் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார்.

"அக்கா, ஃப்ரீயா? பத்து நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்க தம்பி."

"உங்க ஸ்கோர் நாலு நாளா ரெட்ல இருக்குக்கா. தூக்கம் ரெண்டரை மணி நேரம்தான் காட்டுது. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

கேமரா ஆன் ஆகியிருந்தது. என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டில் இருந்த வாட்ச்சைப் பொத்திக்கொண்டது. அதன் அடியில் பச்சை வெளிச்சம் விரலிடுக்கில் கசிந்தது. "ஒண்ணுமில்ல தம்பி, லேசா காய்ச்சல்" என்று பொய் சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை. 27 வயது, நல்ல பிள்ளை, அவர் மார்க்கும் அவருக்கு மேலே இருப்பவருக்குப் போகிறது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை என்னைப் பெரிய தொகை க்ளெய்ம் க்யூவிலிருந்து எடுத்து, சில்லறை பாக்கி க்யூவில் போட்டார்கள். எனக்கு வேலைச் சுமையைக் குறைப்பதாகக் காரணம் சொன்னார்கள். சுமை குறையவில்லை, எண்ணிக்கை அதே 45. இன்சென்டிவ் மட்டும் குறைந்தது. ஆறு வாரம் அங்கே இருந்தேன், மாதம் 4,500 ரூபாய் போனது. அம்மாவுக்கு வாக்கர் வாங்கிய மாதம் அது. மூன்று நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சிவப்புக் கோடு தானாகவே இறங்கியிருக்கும். அந்த ஸ்கிரீனில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, லீவுக்கு இல்லை.

அதன் பிறகு டீமில் நடந்தது இன்னும் வருத்தம் தருவது. ஒருத்தி லாகின் செய்ததும் வாட்ச்சைக் கழற்றித் தூங்கும் குழந்தையின் கணுக்காலில் கட்டிவிடுகிறாள். இன்னொருவர் அவருடைய அப்பா கையில் கட்டுகிறார். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் என்னிடம் மட்டும் வந்து கேட்டாள்: "அக்கா, பிரெக்னென்ட்டா இருந்தா ஹார்ட் ரேட் ஏறுமாமே, இதுல தெரிஞ்சிடுமா?" ஏறும் என்பது உண்மை, கர்ப்பம் தரித்த ஆரம்ப வாரங்களிலேயே ஓய்வு நிலை நாடித்துடிப்பு கூட ஆரம்பிக்கும். அவள் அப்போது மாமியாரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. முதல் மூன்று மாதம் முடியட்டும் என்று நம் வீடுகளில் பொத்திப் பொத்தி வைக்கும் செய்தி. அதற்கு முன் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ, பிரமோஷன் பட்டியலில் பெயர் போய்விடுமோ என்று ஒரு பெண் பயந்து அந்த வாட்ச்சை டிராயரில் போட்டுப் பூட்டினாள். மன அழுத்தத்தைக் குறைக்கக் கொடுத்த பொருள்!

சட்டம் படிக்கும் என் அக்கா மகளிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினாள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகளில் உடல்நிலை, மனநிலை பற்றிய விவரங்கள் கூடுதல் பாதுகாப்புக்குரிய தனி வகையாக இருந்தன. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு தனி வகை இல்லை. என் போன் நம்பரும் என் இதயத் துடிப்பும் அதில் ஒரே தட்டில் இருக்கின்றன. ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் உள்ள சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனிக் காவல் உண்டு. அது மட்டுமல்லாமல், நம் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் வேலை சார்ந்த நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் சம்மதம் இல்லாமலேயே தகவலைக் கையாள ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஒரு ஊழியர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது அந்த வாசல் வழியாகப் போகலாமா கூடாதா? அவளும் பக்கம் பக்கமாகத் தேடினாள், அதைத் தெளிவாகச் சொல்லும் வரி எதையும் அவளால் காட்ட முடியவில்லை. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகிவிட்டன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் மாநில அரசு பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாநில அரசுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் ரங்கநாதன் தெருவை நினைத்துப் பாருங்கள். ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்த்த பெண்களின் கால் வீக்கத்தைப் பற்றி எத்தனை வருஷம் பேசியிருக்கிறோம். 2018-இல் கேரளாவும் 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்றன. அந்தப் பெண்களின் காலில் வீக்கத்தை அளக்கும் பட்டையைக் கட்டி, யாருக்கு அதிகம் வீங்குகிறது என்று முதலாளிக்குக் கணக்கு அனுப்பச் சொல்லவில்லை. நாற்காலி போடச் சொன்னார்கள். வீட்டு மூலையில் உட்கார்ந்து வேலை செய்யும் எங்களுக்கும் அரசு அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

எங்கள் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளக் கம்பெனிக்கு என் மணிக்கட்டு தேவையே இல்லை. நாங்கள் கால் போடும் சாஃப்ட்வேரான டயலரில் எல்லாம் இருக்கிறது. எத்தனை மணிக்கு லாகின், எத்தனை நிமிஷம் பேச்சு, எத்தனை நிமிஷம் ஹோல்டு, பிரேக்கில் போனோமா இல்லையா என்று செகண்ட் கணக்கில் அது எழுதிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஷிஃப்டில் எங்களுக்கு 15, 30, 15 என்று மூன்று பிரேக். என்னுடைய அக்டோபர் மாதக் கணக்கை நானே எடுத்துப் பார்த்தேன். 22 ஷிஃப்டில் 14 ஷிஃப்டில் கடைசி 15 நிமிஷ பிரேக்கை நான் எடுக்கவில்லை. டார்கெட் முடியாது என்ற பயம். அந்த மாதம் நான் ஹோல்டில் மட்டும் இருந்தது 61 மணி நேரம். இந்த எண்களை யாரும் ஹடிலில் சிவப்பு, பச்சை போட்டுக் காட்டவில்லை. ஹோல்டு நேரத்தை டார்கெட்டில் கழித்தால், கடைசி பிரேக்குக்கு ஸ்கிரீன் தானாகப் பூட்டிக்கொண்டால், 22 பேரில் பாதிப் பேருக்கு இந்த வாட்ச்சே வேண்டியிருக்காது.

லாகவுட் ஆன பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் வரும் மெசேஜும் அதே மாதிரிதான். பகல் 11 மணி என்பது எங்களுக்கு நடுச்சாமம். அப்போது "அர்ஜென்ட், ரிப்ளை ப்ளீஸ்" என்று வந்தால் வாட்ச்சும் சேர்ந்து அதிர்கிறது, தூக்கம் போகிறது, தூக்கம் போனதால் மார்க் ஏறுகிறது. வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் சட்டமாக்கிவிட்டன. இரவு ஷிஃப்டில் உயிரைக் கொடுத்து வேலை செய்யும் ஊர் சென்னை. இங்கே அந்தப் பேச்சு இன்னும் சூடு பிடிக்கவில்லை.

1918-இல் திரு.வி.க.வும் பி.பி.வாடியாவும் செல்வபதி செட்டியாரும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இதே பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகத்தான். அப்பா அந்தச் சங்கத்தின் சந்தா ரசீதுகளை ஒரு தகர டப்பாவில் கடைசிவரை வைத்திருந்தார். எங்கள் துறையில் அப்படி ஒரு டப்பா வைத்திருப்பவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு மூலையில், ஆளுக்கு ஒரு ஹெட்செட்டோடு இருக்கிறோம். அதனால்தான் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். கம்பெனிகள் வாட்ச் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் கணக்கு ஊழியரின் போனைத் தாண்டக் கூடாது. நம்பரை மறைத்தோ டீம் சராசரி என்றோ எந்தப் பெயரிலும் மேலே போகக் கூடாது. வாட்ச் கட்டுவதற்கும் கூப்பன், இன்சென்டிவ், க்யூ எதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. இருக்கை விஷயத்தில் செய்ததுபோல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழேயே தொழிலாளர் நலத் துறை இதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் பிரேக், ஹோல்டு, லாகவுட் கணக்கைக் கடை வருகைப் பதிவேட்டைக் கேட்பதுபோல் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வாட்ச் மட்டும் கட்டிக்கொண்டு, உள்ளுக்குள் உடைந்துபோய் இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவின் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் எனக்கு ஒழுங்கான தூக்கமே இல்லை. ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு 14416-க்குப் போன் போட்டேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் முதலில் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அரை மணி நேரம் பேசினார், பிறகு எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

பிப்ரவரி முதல் வாரம் கம்பெனி வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் பழைய கணக்கு முழுவதையும் அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி தரச் சொல்லி ஒரு கடிதமும் சேர்த்துக் கொடுத்தேன். ஐந்து வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. சொந்தக் காசு 1,800 ரூபாய் போட்டு வேறு ஒன்று வாங்கிக் கட்டியிருக்கிறேன், எந்த ஆப்போடும் பகிரவில்லை. பால் கணக்கு நோட்டு தொடர்கிறது. போன வாரம் லாகின் மறுபடி 6.30-க்கு வந்துவிட்டதால் சொட்டு மருந்து நேரத்தை மாற்றி எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து உட்காருகிறார்.

இன்னும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். அதனால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடிதம் நீளமாகிவிட்டால் வாட்ச்சின் நன்மையைப் பற்றிய பகுதியைக் குறைத்துக்கொள்ளுங்கள், டயலர் பகுதியைக் குறைக்க வேண்டாம். தங்கள் நிருபர் யாராவது இது பற்றித் தொழிலாளர் நலத் துறையிடம் நேரில் கேட்டுப் பதிலை வெளியிட்டால் எங்கள் டீமில் 22 பேரும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்போம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பெரம்பூர், சென்னை – 600 011